மங்கு வடிவில் ஒரு வெள்ளிக் கிண்ணம்

சனிக்கிழமை காலை பசாருக்குப் போய்விட்டு வரும்போதுதான் மண்டப வாசலில் கட்டியிருந்த துணியைப் பார்த்தேன்: இக்கால வெள்ளிக் கைவேலைக் கண்காட்சி, இரண்டு நாள், நுழைவு இலவசம். மலேசியாவில், பேராக் மாநிலத்தில் இருக்கிற எங்கள் சுங்கை சிப்புட்டில் புடவைக் கண்காட்சி வரும், தீபாவளி நேரத்தில் சந்தை போடுவார்கள், வெள்ளிச் சாமான் வேண்டுமென்றால் ஈப்போவுக்குத்தான் போவோம், அங்கேயும் பெரும்பாலும் அச்சில் அடித்து இந்தியாவிலிருந்து பெட்டி பெட்டியாக வருகிற சாமான்தான். கையால் தட்டிச் செய்தவரே பக்கத்தில் உட்கார்ந்து விற்கிறார் என்றால் விடக்கூடாது என்று தோன்றியது. அம்மாவும் கூட இருந்தார். காரில் மீன் இருக்கிறதே, கெட்டுப்போகுமே என்றார். மீனை எதிரே இருக்கிற சாப்பாட்டுக் கடை அக்காவின் ஐஸ் பெட்டியில் வைத்துவிட்டு, பத்து நிமிஷத்தில் வந்துவிடலாம் என்று உள்ளே போனோம். வெளியே வரும்போது மணி ஒன்றரை.

உள்ளே ஆறு மேசைகள். கிளந்தான் மாநிலத்துக் கோத்தா பாருவிலிருந்து வந்திருந்த மலாய்க்காரப் பெரியவர் ஒருவர் கம்பி வேலையில் புரோச்சுகள் வைத்திருந்தார். கிளந்தான் வெள்ளிக்கு இந்தக் கம்பி வேலையில் நல்ல பேர் உண்டு, மயிரிழைக் கம்பியை முறுக்கிச் சுருட்டிப் பூவாக ஒட்டியிருந்தார். ஈப்போவிலிருந்து ஒரு சீனப் பெண், தகட்டைக் காகிதம் மடிப்பதுபோல மடித்து மோதிரம் செய்திருந்தார். எல்லாமே நன்றாகத்தான் இருந்தன, ஆனால் நான் எழுத வந்தது கடைசி மேசையைப் பற்றி.

அந்த மேசைக்காரர் நம் ஊர்க்காரர், ஐம்பதைத் தாண்டியிருக்கும். அவருடைய அப்பா இதே ஊரில் ஒரு பலசரக்குக் கடையின் முன்னால் கூரை போட்ட நடைபாதையில், அஞ்சடி என்போம், அங்கே பட்டறை போட்டு உட்கார்ந்திருந்த பத்தர். மூக்குத்திக்குத் திருகாணி போடுவது, அறுந்த சங்கிலியைப் பற்றவைப்பது, பிள்ளைகளுக்கு அரைஞாண், தண்டை என்று சுற்றுவட்டாரத் தோட்டத்து ஆட்களுக்கு எல்லாம் அவரிடம்தான். அம்மா இவர் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "தம்பி, நீ பத்தர் மகன்தானே? ஊதுகுழல வச்சுக்கிட்டு அப்பா பக்கத்துல உக்காந்திருப்பியே" என்று கேட்டதும் அவர் எழுந்து நின்றுவிட்டார். அதற்குப் பிறகு எங்களுக்கு நாற்காலி வந்தது, தே வந்தது, பேச்சு ஓய எங்கே போகிறது.

அப்பா காலத்தில் பிள்ளை பிறந்த வீட்டுக்காரர்கள் அரைஞாண் செய்யப் பழைய வெள்ளிக்காசைக் கொண்டுவந்து கொடுப்பார்களாம். ராஜா தலை போட்ட ஸ்ட்ரெய்ட்ஸ் டாலர், 1903-ல் வந்தது, பத்தில் ஒன்பது பங்கு வெள்ளி, எடை 26.95 கிராம். அப்பா உருக்காமல் வைத்துவிட்டுப் போன காசு ஒன்று மேசை ஓரத்தில் இருந்தது, அது விற்பனைக்கு இல்லை. எடுத்துப் பார்த்தேன், உள்ளங்கையில் நன்றாகக் கனத்தது. நாம் இன்றைக்கும் ரிங்கிட்டை வெள்ளி என்றுதான் சொல்கிறோம், பத்து வெள்ளி, ஐம்பது வெள்ளி என்று தாளை நீட்டுகிறோம். இந்த மாதிரிக் காசு கைக்குக் கை மாறிய காலத்துப் பேச்சு அது என்பது, அதைக் கையில் வைத்திருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. பேராக் என்றாலும் மலாயில் வெள்ளிதான்.

இவர் அப்பாவிடம் தொழில் பழகி, பிறகு கோத்தா பாருவில் மூன்று வருஷம் தங்கி, தகட்டின் பின்பக்கமிருந்து உளியால் தட்டிப் பூ எழுப்பும் வேலையைக் கற்றுக்கொண்டிருக்கிறார். இப்போது நகை குறைவு. கிண்ணம், தட்டு, சிமிழ், டம்ளர் என்று பாத்திரம்தான் அதிகம். கோயில் சாமான் கேட்டும் நிறையப் பேர் வருகிறார்களாம். வரத்தானே செய்வார்கள், பினாங்கில் தைப்பூசத்துக்கு ஓடுகிற செட்டியார்களின் வெள்ளி ரதம் 1894-லேயே தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறி வந்தது, இந்த நாட்டில் நம் ஆட்களுக்கு வெள்ளி என்றால் முதலில் சாமிதான். அதையும் அவர் விடவில்லை, மேசையில் ஒரு வேலும் பால்குடச் சொம்பும் இருந்தன. ஆனால் நட்டநடுவில் அவர் வைத்திருந்தது ரப்பர் மரத்துப் பால் மங்கு.

தோட்டத்தில் வளராதவர்களுக்காகச் சொல்கிறேன். பால்மரத்தில் கோடு சீவியதும் பால் வழிந்து வந்து விழுகிற கிண்ணம்தான் மங்கு, கம்பி வளையத்தில் மரத்தோடு கட்டியிருக்கும், அலுமினியத்திலும் உண்டு, பீங்கானிலும் கண்ணாடியிலும் கூட உண்டு. அதே அளவில், அதே உருண்ட வயிற்றோடு வெள்ளியில் தட்டியிருக்கிறார். வாய் அகலம் 10 சென்டிமீட்டர், எடை 158 கிராம். வெளிப்பக்கம் முழுக்கச் சுத்தியல் தடம், மீன் செதில்போல ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டு, ஒவ்வொரு தடத்திலும் மண்டப விளக்கு தனித்தனியாக மின்னுகிறது. உள்பக்கத்தை மினுக்கவே இல்லை. வெள்ளை. பளபளப்பே இல்லாத, மாவு பூசியது போன்ற வெள்ளை. நாலடி தள்ளி நின்று பார்த்தால் மங்கு நிறையப் பால் நிற்கிற மாதிரியே இருக்கிறது, கிட்டே வந்தால் காலி. நான் இரண்டு மூன்று தடவை தள்ளிப்போய்த் தள்ளிப்போய்ப் பார்த்தேன்.

அது ஏதோ பூச்சு என்று நினைத்துக்கொண்டு கேட்டேன். பூச்சே கிடையாது, இருங்க, பதினொன்றரைக்குச் செய்து காட்டப்போகிறேன் என்றார்.

சுத்த வெள்ளி பாத்திரத்துக்கு மெத்தென்று இருக்கும், அழுத்தினால் வளைந்துவிடும். அதனால் ஆயிரத்துக்கு 925 பங்கு வெள்ளி, மீதி செம்பு கலந்த தகட்டைத்தான் எடுத்துக்கொள்கிறார். வட்டமாக வெட்டிய தகட்டின் மேல் பென்சிலால் வளையம் வளையமாகக் கோடு போட்டு, மரக்கட்டையில் குத்தி நிறுத்திய இரும்புத் தலையின் மேல் அதைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, அடியிலிருந்து விளிம்பு வரைக்கும் சுற்றிச் சுற்றித் தட்டினார். ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவில் இடது கை தகட்டை ஒரு நூல் அளவு திருப்புகிறது, வலது கை இறங்குகிறது, வாய் எங்களோடு பேசிக்கொண்டிருக்கிறது, அடி ஒன்றுகூட இடம் தப்பவில்லை. தட்டத் தட்ட வெள்ளி இறுகும். சத்தமே மாறிவிடுகிறது, முதலில் மொத்து மொத்தென்று விழுந்த அடி, போகப்போக மணி அடிப்பதுபோலக் கேட்டது. அந்தச் சத்தம் வந்த பிறகும் தட்டிக்கொண்டே போனால் விளிம்பு கீறிவிடுமாம். அப்போது நெருப்பில் காய்ச்சி எடுக்க வேண்டும்.

விளக்கை அணைக்கச் சொன்னார். வெளிச்சத்தில் அந்த நிறம் கண்ணுக்குத் தெரியாது. இருட்டில் தகடு மங்கலான சிவப்புக்கு வந்த உடனே நெருப்பை விலக்கிவிட்டார், ஏறக்குறைய 650 டிகிரி, 800-ஐத் தாண்ட விட்டால் உருகத் தொடங்கிவிடும், எல்லாம் கண் அளவுதான். தண்ணீரில் போட்டதும் சுர்ரென்று சீறியது. வெளியே எடுத்தால் கருகிப்போன தோசை நிறம், கலந்திருந்த செம்பு மேலே கறுத்திருக்கிறது. அதை எலுமிச்சை உப்பு கரைத்த வெந்நீரில் போட்டார். அவர் அப்பா புளிதான் கரைத்து வைப்பாராம், இவர் இன்றைக்கும் அந்தப் பாத்திரத்தைப் புளி என்றுதான் சொல்கிறார். கொஞ்ச நேரத்தில் கறுப்பு கரைந்து வெள்ளை வந்தது. இப்படிக் காய்ச்சிக் காய்ச்சிப் புளியில் போடும் ஒவ்வொரு தடவையும் மேல்பரப்பில் இருக்கிற செம்பு கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விட, கடைசியில் மேலே நிற்பது சுத்த வெள்ளியின் மெல்லிய தோல் மட்டும். பால் நிறம் அதுதான். பாத்திரம் முடிந்ததும் வழக்கமாக அதை மினுக்கி எடுத்துவிடுவார்கள், இவர் உள்பக்கத்தில் அப்படியே விட்டுவிட்டார். அந்த மங்கு ஒன்பது தடவை நெருப்பைப் பார்த்தது என்றார்.

இன்னொன்றும் காட்டினார். கம்பி வளையத்தின் இரண்டு முனையையும் சேர்த்து, வெங்காரத்தைக் குழைத்துத் தடவி, அதன் மேல் அரத்தால் ராவிய பற்றுப்பொடியைத் தூவி, ஊதுகுழலால் நெருப்பை அந்த ஒரு புள்ளிக்கு மட்டும் கொண்டுபோனார், பொடி சட்டென்று இளகி இடுக்குக்குள் ஓடி மறைந்தது. பொடி வைத்து ஊதுகிறான் என்று நாம் பேச்சில் சொல்வோமே, அது இந்த வேலைதான். நாற்பது வருஷமாகச் சொல்லியும் கேட்டும் வருகிறேன், கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான்.

அம்மாவுக்கு 74 வயது. பதினாறு வயதில் பால்மரம் சீவப் போனவர், 31 வருஷம் அந்த வேலை. விடியுமுன்னே பெரட்டுக்குப் போய்ப் பேர் கொடுத்துவிட்டு நிரைக்குள் நுழைந்தால், ஒவ்வொரு மரத்திலும் சீவின கோட்டில் காய்ந்திருக்கிற கோட்டுப்பாலை உருவி, மங்கில் காய்ந்து ஒட்டியிருப்பதை வழித்து எடுத்துவிட்டுத்தான் கத்தியை வைக்க வேண்டும். நானூறு, ஐந்நூறு மரம் என்பார்.

"கையில எடுத்துப் பாருங்கம்மா" என்று அவர் வெள்ளி மங்கை அம்மாவிடம் கொடுத்தார். அம்மா இடது கையில் ஏந்தினார். வலது கைக் கட்டைவிரல் தானாக உள்ளே போனது, விளிம்புக்குக் கீழே அழுத்தி ஒரே வழியாக முழுச் சுற்றுச் சுற்றி வழித்துவிட்டு, கடைசியில் கையைப் பக்கவாட்டில் உதறினார். அங்கே வழிப்பதற்கு ஒன்றுமில்லை. பிறகுதான் என்ன செய்தோம் என்று அவரே பார்த்தார். வெள்ளையின் மேல் விரல் போன தடம் வட்டமாகத் தெரிந்தது, மினுக்காத வெள்ளியில் கைப்பசை பட்டால் உடனே காட்டிக் கொடுத்துவிடும். "ஐயோ தம்பி, அழுக்காக்கிட்டேனே" என்று கைக்குட்டையை எடுத்தார். பத்தர் மகன் என் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "இருக்கட்டும்மா, தொடைக்காதீங்க" என்றார். அதற்கு மேல் அவருக்கும் பேச வரவில்லை. ஒரு தடவை காய்ச்சிப் புளியில் போட்டால் போய்விடுகிற தடம்தான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நான் மறுபடியும் தனியாகப் போனேன், அப்போதும் அது அப்படியே இருந்தது.

இங்கிருந்து பக்கம்தான் கோலாகங்சார், அங்கே 1877-ல் நட்ட ரப்பர் மரங்களில் ஒன்று இன்றைக்கும் நிற்கிறது, ஊர் பார்க்க வருகிறவர்கள் நின்று படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். மரத்துக்கு அந்த மரியாதை கிடைத்தது. அதைச் சீவினவர்கள் கையில் தினமும் புழங்கிய சாமானை யார் எடுத்து வைத்தார்கள்? ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, தோட்டத்து ஆட்கள் குடியிருந்த லயங்களை இடித்தார்கள், மங்கும் வாளியும் பழைய இரும்புக்காரனிடம் போயின. எங்கள் வீட்டில் ஒன்றுகூட இல்லை. அதை ஒருவர் உட்கார்ந்து நாள் கணக்கில் வெள்ளியில் தட்டி, மேசையின் நடுவில் வைக்கலாம் என்று நினைத்தாரே, இந்தக் கண்காட்சியில் எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரியது அதுதான். பார்க்கிறவர்கள் மனத்தைத் தொடட்டும் என்று வடிவத்தை மட்டும் செய்துவிட்டு வேலையில் கோட்டை விட்டிருந்தால் நான் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். வேலை சுத்தம். விளிம்பைச் சுற்றி விரலை ஓட்டிப் பார்த்தேன், எங்கேயும் தடித்தோ மெலிந்தோ போகவில்லை.

சரி, விலைக்கு வருகிறேன். மங்கு 2,400 வெள்ளி. என்னால் முடியாது. நான் வாங்கியது ஒரு குங்குமச் சிமிழ், 36 கிராம், 520 வெள்ளி. கடையில் அச்சில் அடித்த சிமிழ் இதே எடைக்கு ஏறக்குறைய பாதி விலையில் கிடைக்கும், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் இந்த மூடியைத் திறந்து பார்க்க வேண்டும். எடுக்கும்போது உள்ளே காற்று பிடித்து இழுக்கிற மாதிரி ஒரு சின்ன எதிர்ப்பு, அப்புறம் விடுகிறது, எந்தப் பக்கம் திருப்பி வைத்தாலும் அதே பிடி, கவிழ்த்துப் பிடித்தாலும் விழவில்லை. என் வீட்டில் இருக்கிற பழைய சிமிழில் மூடி ஒரு பக்கம் இறுக்கம், ஒரு பக்கம் லொடலொட. மூடிக்கு மேலே பிடியாக ஒரு ரப்பர் கொட்டையை வைத்திருக்கிறார், அதன் புள்ளிகளைக்கூட உளியால் எடுத்திருக்கிறார். சின்ன வயதில் ரப்பர் கொட்டையைச் சிமெண்டுத் தரையில் தேய்த்துச் சூடாக்கி அடுத்தவர் கையில் வைத்து அலறவிட்டவர்களுக்கு அந்தப் பிடி நன்றாகப் புரியும்.

வெள்ளி வாங்குவதில் எனக்கு ஒரு பயம் உண்டு. பல வருஷத்துக்கு முன்னால் மகளுக்கு வேறொரு ஊர்க் கடையில் கெட்டிக் கொலுசு என்று எடை போட்டு வாங்கினேன். இரண்டு வருஷத்தில் அறுந்தது, பற்றவைக்கக் கொண்டுபோய்ப் பிரித்துப் பார்த்தால் குண்டுக்குள்ளே அரக்கு. அரக்குக்கும் சேர்த்து வெள்ளி விலை கொடுத்திருக்கிறேன். அதனால் இவரிடம் நேராகவே கேட்டேன், "அண்ணே, இது 925-தான்னு நான் எப்படித் தெரிஞ்சுக்கிறது?" அவர் கோபப்படவில்லை, கேட்க வேண்டிய கேள்விதான் என்றார். சிமிழைத் திருப்பி அடியில் குத்தியிருந்த 925-ஐயும் தன்னுடைய முத்திரையையும் காட்டினார். இங்கிலாந்தில் இதற்கு 1300-லேயே சட்டம் வந்துவிட்டது, இன்றைக்கும் அங்கே 7.78 கிராமுக்கு மேல் எடையுள்ள சாமானைச் சோதனைச் சாலை முத்திரை இல்லாமல் வெள்ளி என்று சொல்லி விற்க முடியாது, நம் பக்கம் பெரும்பாலும் செய்கிறவன் குத்துகிற முத்திரைதான், அதனால் செய்கிறவனைத்தான் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லி, என் கண் முன்னால் தராசில் வைத்து, எடை, தரம், தேதி எல்லாம் ரசீதில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். எங்கே வேண்டுமானாலும் சோதித்துப் பாருங்கள், தப்பாக இருந்தால் பணம் திரும்ப வரும் என்றார். கொலுசுக் கடையில் எனக்கு ரசீதே கிடைக்கவில்லை.

குறைகளையும் சொல்ல வேண்டும். விலைச் சீட்டுகள் எல்லாம் மலாயிலும் ஆங்கிலத்திலும் மட்டும், தமிழில் ஒரு வரி இல்லை, அம்மா மாதிரி ஆட்கள் ஒவ்வொன்றுக்கும் கேட்டுக்கேட்டு நிற்க வேண்டியிருந்தது. சீட்டில் எடையும் போடவில்லை, கேட்டால்தான் சொல்கிறார். எடையும் கூலியும் தனித்தனியாக எழுதி வைத்தால் வாங்குகிறவர்களுக்கு அந்த விலை ஏன் என்று புரியும், பேரம் பேசி அவர் மனத்தை நோகடிக்கவும் மாட்டார்கள். இரண்டு பேர் அப்படிப் பேசிவிட்டுப் போனதை நானே பார்த்தேன்.

டம்ளர்களை யோசித்து வாங்குங்கள். உலோகங்களிலேயே சூட்டை அதிகமாகக் கடத்துவது வெள்ளி, அதில் சூடாகத் தே ஊற்றினால் பிடிக்கவும் முடியாது, உதட்டில் வைக்கவும் முடியாது. தண்ணீர், மோர் என்றால் சரி. ரப்பர் மரக்கட்டையில் கைப்பிடி வைத்த குவளைகள் நாலு இருந்தன, நல்ல யோசனை, பார்க்கவும் அழகு, ஆனால் ஒன்றில் கைப்பிடி ஆணி தளர்ந்து ஆடியது. சொன்னதும் அதை மேசையிலிருந்து எடுத்து உள்ளே வைத்துவிட்டார். பெரிய தட்டு ஒன்றைச் சாய்த்துப் பார்த்தால் நடுவில் ஊதா கலந்த சாம்பல் நிழல். காய்ச்சும்போது சூடு உள்ளே இறங்கி, தோலுக்குக் கீழே செம்பு கறுத்துப்போனதால் வருவது, அவரே சொல்லி விலையும் குறைத்திருந்தார். இருந்தாலும் இவ்வளவு நல்ல வேலைகளுக்கு நடுவில் அதை வைத்திருக்க வேண்டாம்.

சிமிழைப் பருத்தித் துணியில் சுற்றி நூலால் கட்டிக் கொடுத்தார். ரப்பர் பேண்ட் மட்டும் போட்டுவிடாதீர்கள், அதில் கந்தகம் இருக்கிறது, சுற்றின இடத்தில் கறுப்புக் கோடு விழும் என்றார். வெள்ளியைக் கறுக்க வைப்பதே கந்தகம்தானாம். அம்மா உடனே பிடித்துக்கொண்டார். தோட்டத்தில் மரம் துளிர்விடுகிற காலத்தில் இலைப் பூசணத்துக்குக் கந்தகப் பொடி அடிப்பார்கள், அந்த நாட்களில் சாமி விளக்கு கறுத்துப்போகிறது என்று பாட்டி புலம்புவாராம், வீட்டில் யாரோ தீட்டோடு தொட்டுவிட்டார்கள் என்று சண்டைகூட வந்திருக்கிறது. அம்மாவுக்கு அதற்குக் காரணம் தெரிய இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது. கழுவுவதற்குப் பூந்திக்கொட்டைத் தண்ணீரும் மெத்தென்ற துணியும் போதும். வெள்ளையாக விட்ட பக்கத்தில் விபூதி, பற்பசை எதையும் போட்டுத் தேய்க்கக் கூடாது, அந்தத் தோல் மெல்லியது, ஒரு தடவை போனால் மறுபடியும் நெருப்புக்குத்தான் போக வேண்டும்.

கண்காட்சி முடிந்துவிட்டாலும் அவர் வீட்டுப் பின்கட்டில் பட்டறை வைத்திருக்கிறார், சொல்லிச் செய்யலாம், சிமிழ் அளவு வேலைக்கு மூன்று வாரம் கேட்கிறார். ஞாயிற்றுக்கிழமை நான் தனியாகப் போனது அதற்காகத்தான். அதே மங்கு, சின்னதாக, வாய் 6 சென்டிமீட்டர், ஏறக்குறைய 55 கிராம் வரும், 850 வெள்ளி என்றார், 200 முன்பணம் கொடுத்தேன். நோட்டில் எழுதிக்கொண்டு ஒன்றே ஒன்று கேட்டார், உள்பக்கத்தை மினுக்கட்டுமா, வெள்ளையாகவே விடட்டுமா என்று. வெள்ளையாகவே விடுங்கள் அண்ணே என்றேன். தை பிறந்தால் அம்மாவுக்கு 75, அதற்குள் தந்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறார். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.